பெட்டியின் மேல் ஓர் ஊர்ப்பெயர்
பால்கோவா வழியே வணிகச் சட்டத்தின் அடிப்படைகள்

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றால் நாலு பேராவது அவசரமாக இறங்கிக் கடைப் பக்கம் ஓடுவார்கள். நடத்துநர் விசில் ஊதுவதற்குள் கையில் ஒரு பால்கோவாப் பெட்டியோடு திரும்பிவிடுவார்கள். ஊருக்குப் போனால் வீட்டில் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் திருப்பிப் பார்க்க வேண்டும். இனிப்பின் பெயர், ஊரின் பெயர், கடையின் பெயர், நிகர எடை, தயாரித்த நாள், அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். எடையும் விலையும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தால் அச்சேறியவை. உரிம எண் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தால் வந்தது. கடைப்பெயரைக் காப்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். ஊர்ப்பெயரைக் காப்பது அதே ஆண்டில் இயற்றப்பட்ட புவிசார் குறியீடுகள் சட்டம். அரைக்கிலோ இனிப்பைச் சுற்றி நாலு சட்டங்கள் காவல் நிற்கின்றன.

வணிகச் சட்டம் என்றாலே வக்கீல்கள் சமாசாரம் என்று ஒதுங்குவது நம் வழக்கம். பால் ஊற்றுகிறவர், அடுப்பில் கிண்டுகிறவர், கடை வைத்திருக்கிறவர், வாங்கித் தின்கிறவர் என எல்லாருமே தினமும் அந்தச் சட்டத்துக்குள்தான் நடமாடுகிறோம். அதன் கலைச்சொற்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டு கேள்விகளில் வந்து முடிகின்றன. இது யாருக்கு உரிமை? இதற்கு யார் பொறுப்பு? உரிமையையும் பொறுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிவைப்பதுதான் வணிகச் சட்டத்தின் வேலை என்பது இக்கட்டுரையின் கருத்து. அதைக் காட்ட ஸ்ரீவில்லிபுத்தூரையும் பக்கத்து ஊரான ராஜபாளையத்தையும் விட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

காலைப் பாலும் ஒப்பந்தமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடிகாலையில் பால் வந்து சேர்கிறது. "நாளையிலிருந்து இருபது லிட்டர் ஊத்துறேன்" என்கிறார் மாட்டுக்காரர். "சரி, கொழுப்புச் சத்துப் பார்த்து விலை போட்டுக்கலாம்" என்கிறார் வாங்குகிறவர். கையெழுத்து, முத்திரைத்தாள் எதுவும் கிடையாது. ஆனாலும் அங்கே ஓர் ஒப்பந்தம் பிறந்துவிட்டது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் சொல்வது முனைவு, மற்றவர் அதற்கு இசைவது ஏற்பு. இரண்டும் சேர்ந்தால் உடன்பாடு. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடு ஒப்பந்தம் ஆகும். அதற்குச் சில தகுதிகள் வேண்டும். இருவரும் 18 வயது நிறைந்த, சுயபுத்தியுள்ளவர்களாக இருக்க வேண்டும். சம்மதம் மிரட்டலாலோ ஏமாற்றாலோ வந்ததாக இருக்கக் கூடாது. நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மறுபயன் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் மறுபயன். பாலுக்குப் பணம், பணத்துக்குப் பால். எழுத்தில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். அன்றாடம் அளவு குறித்து வைக்கும் பால் கணக்கு நோட்டுக்கு அன்றைக்குத்தான் மதிப்புத் தெரியும்.

இந்த மறுபயன் பற்றிய இந்தியச் சட்டத்தின் தனித்தன்மையை நிலைநாட்டியது நம் சென்னை உயர் நீதிமன்றம். 1882ஆம் ஆண்டின் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு அது. ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைத்தார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்தது. மகளும் அப்படியே தருவதாகத் தனியே எழுதிக் கொடுத்தார். பிறகு தர மறுத்தார். அந்த உடன்பிறப்பு தனக்கு ஏதும் தரவில்லையே, மறுபயன் இல்லாத வாக்குறுதி எப்படிச் செல்லும் என்பது மகளின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்து வரலாம், வேறு எவரிடமிருந்தும் வரலாம் என்கிறது நம் ஒப்பந்தச் சட்டம். தாய் கொடுத்த நிலமே போதுமான மறுபயன் என்று தீர்ப்பு வந்தது. மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வர வேண்டும் என்ற ஆங்கிலச் சட்டத்தின் கட்டுப்பாடு இங்கே இல்லை. நிலத்தை அனுபவிக்கிற உரிமை வந்தால் அதோடு ஒட்டிய பொறுப்பும் கூடவே வரும்.

இதையே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. சென்னைக் கடைக்காரர் ஒருவர் 50 கிலோ பால்கோவா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் எடைபோட்டு, கட்டி, கேட்டவர் பெயரை எழுதிப் பார்சல் லாரியில் ஏற்றுகிறார். லாரி வழியில் பழுதாகி இரண்டு நாள் நிற்க, சரக்குக் கெட்டுப்போகிறது. நட்டம் யாருக்கு? "அனுப்பினவருக்குத்தான்" என்று நம்மில் பலர் சொல்வோம். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், கேட்டபடியான சரக்கை வாங்குபவருக்கென்று ஒதுக்கி, தடையேதும் வைக்காமல் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்ததும் அதன் உடைமை மாறிவிடும் என்கிறது சட்டம். உடைமை எவரிடமோ இடரும் அவரிடம். ஆகவே, அனுப்புகிறவர் தம் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால், நட்டம் சென்னைக் கடைக்காரரைச் சேரும். "சரக்கு உங்கள் கையில் சேரும்வரை எங்கள் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். ஒரு வரியின் விலை 50 கிலோ பால்கோவா.

ஒரே இனிப்பு, மூன்று பொறுப்புகள்

கடையை யார் நடத்துவது என்பதிலும் இதே கேள்விதான். அண்ணன் தம்பிகள் முதல் போட்டு, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாட்டோடு கடை நடத்தினால் அது 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாண்மை. அவர்கள் அறிய வேண்டிய சொல் வரையறாப் பொறுப்பு. கடைக்காகத் தம்பி வாங்கிய கடனுக்கு அண்ணனும் கடன்காரர்தான். கடையின் சொத்துப் போதாவிட்டால் அவருடைய வீடும் நகையும் கணக்கில் வரும். இன்னொன்றும் உண்டு. கூட்டாண்மை நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் அதன்மீது போடலாம். பொறுப்பு மட்டும் முழுசாக இருக்கும், உரிமை பாதிதான் இருக்கும். பதிவு செய்யச் சோம்பல்படுகிற ஒவ்வொரு குடும்பக் கடையும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினோரு கிலோமீட்டர் தாண்டினால் ராஜபாளையம். அங்கே பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுமத்தைத் தொடங்கினார். நிறுமம் என்பது வேறு பிறவி. அதன் உறுப்பினர்களிலிருந்து வேறான ஒரு 'ஆள்' அது. தன் பெயரில் சொத்து வாங்கும், கடன்படும், வழக்காடும். லண்டனில் தோல் காலணி வணிகர் சாலமன் தொடர்பான வழக்கில் 1896இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்த கொள்கை இது. பங்குதாரரின் பொறுப்பு அவர் எடுத்த பங்கின் தொகையோடு நின்றுவிடும். இதுதான் வரையறுத்த பொறுப்பு. ஆலை மூழ்கினாலும் அவருடைய வீடு தப்பும். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பெரிய முதல் திரட்ட முடிந்ததற்கு இதுவே காரணம். நிறுமத்துக்கு மனித ஆயுளும் கிடையாது. ராமசாமி ராஜா 1962இல் மறைந்தார், மில் மறையவில்லை. அவர் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013இல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது. அதனால் பழைய கடனோ பழைய உரிமையோ அழியவில்லை. பெயர் மாறினாலும் சட்டத்தின் கண்ணில் ஆள் அதே ஆள்தான்.

மூன்றாவது வடிவம் கூட்டுறவு. இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இது தொடங்கியது. இன்று தமிழகத்தில் 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நடப்பில் உள்ளது. நிறுமத்தில் பங்குக்கு ஏற்ற வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. இரண்டு மாடு வைத்திருப்பவரும் இருபது மாடு வைத்திருப்பவரும் வாக்குச்சீட்டின் முன் சமம். பால்கோவாவின் வரலாற்றில் இந்த மூன்றாவது வடிவத்துக்குத் தனி இடம் உண்டு. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நற்பெயர் என்னும் சொத்து

கணக்குப் பதிவியல் படித்த பிள்ளைகளுக்கு 'நற்பெயர்' தெரிந்த சொல். கட்டடம், பாத்திரம், சரக்கு இவற்றின் மதிப்புக்கு மேல், ஒரு கடையின் பெயருக்காகவே வாடிக்கையாளர் தேடிவரும் அந்த மதிப்பு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. ஆனாலும் ஐந்தொகையில் அதற்கு இடம் உண்டு. கூட்டாண்மைச் சட்டம் நற்பெயரை நிறுவனத்தின் சொத்தாகவே எண்ணுகிறது. கடையைக் கலைக்கும்போது அதைத் தனியாக விற்கவும் செய்யலாம்.

இந்த நற்பெயருக்குப் போட்ட வேலிதான் வணிகச் சின்னம். பதிவு செய்த சின்னத்தை வேறொருவர் பயன்படுத்தினால் அது உரிமை மீறல். பதிவு செய்யாத பெயரானாலும், தன் சரக்கை இன்னொருவர் சரக்காக ஏய்த்து விற்பவனை நீதிமன்றம் தடுக்கும். ஆனால் வேலியின் அளவைச் சட்டம் குறித்தே வைத்திருக்கிறது. சரக்கு பிறந்த ஊரைக் குறிக்கும் சொல் மட்டுமே ஒருவருடைய சின்னமாகப் பொதுவாகப் பதிவாக முடியாது. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்ற சொல்லை ஒரு கடைக்காரர் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டால், எதிர்க்கடைக்காரர் தான் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லவே வழியில்லாமல் போகும். அது அநியாயம்.

அப்படியானால் அந்த ஊர்ப்பெயரில் விளைந்த நற்பெயர் யாருடையது? அது ஒரு கடையின் உழைப்பில் வந்ததில்லை. பால்கோவாவுக்கு வேண்டியவை பாலும் சர்க்கரையும்தான். இரண்டே பொருள் என்பதால் ஒளித்துவைக்க இடமில்லை. பால் சரியில்லாவிட்டால் நாக்கு உடனே சொல்லிவிடும். அகன்ற வாணலியில் பால் கொதிக்க, முன்னால் நிற்பவர் நீண்ட துடுப்பால் அடியோடு வழித்துக் கிண்டிக்கொண்டே இருப்பார். கை நின்றால் அடிபிடிக்கும். தீ கூடினால் நிறம் மாறும். பால் சுண்டி, திரண்டு, வாணலியின் ஓரம் விட்டுச் சுருளும் பதம் கண்ணுக்குத்தான் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது. இப்படித் தலைமுறைகளாக அடுப்பின் முன் வியர்த்தவர்களும், மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவர்களும் சேர்ந்து ஈட்டிய நற்பெயர் அது. வெகுகாலம் சட்டத்தில் அதற்கு உரிமையாளரே இல்லை. உரிமையாளர் இல்லாத பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; எடுத்துக்கொண்டார்கள்.

ஊரே உரிமையாளர்

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. தன் நாட்டிலேயே காக்கப்படாத ஊர்ப்பெயரைப் பிற நாடுகள் காக்க வேண்டிய கட்டாயமில்லை. 1997இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பாசுமதி வகை அரிசிக்கு அங்கே காப்புரிமை பெற்றபோது, நம்மிடம் அப்படி ஒரு சட்டமே இல்லை என்ற உண்மை உறைத்தது. 1999இல் புவிசார் குறியீடுகள் சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் அமைந்தது. 2004இல் டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் பதிவு பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டுதான். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் வந்தது.

இந்தப் பதிவைத் தனி ஒருவர் கேட்க முடியாது. உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யும் சங்கமோ அமைப்போ சட்டப்படியான அதிகார அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். பால்கோவாவுக்கு அப்படி முன்வந்தது பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம். ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அமைப்பு, ஊருக்கே ஒரு பெயர் என்ற உரிமையைக் கேட்டு வாங்கியது. வடிவமும் உரிமையும் இதைவிடப் பொருந்த முடியாது.

2009இல் பதிவான திருப்பதி லட்டுவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே உரிமையாளரும் தேவஸ்தானமே, லட்டுப் பிடிப்பவரும் தேவஸ்தானமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் உரிமைப் பதிவு ஒரு சங்கத்தின் பெயரில் இருந்தாலும் கிண்டுகிறவர்கள் பலர். அவர்களுக்காகவே சட்டம் இன்னொரு சொல்லை வைத்திருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட பயனாளர். அந்தப் பகுதியில், குறித்த முறைப்படி செய்பவர் எவரும் விண்ணப்பித்து அப்படிப் பதிவாகலாம். பதிவான பயனாளருக்குக் குறியீட்டைப் பயன்படுத்தும் தனியுரிமையும், மீறுபவர்மீது வழக்குத் தொடரும் உரிமையும் வரும்.

இந்தச் சொத்தின் இயல்பும் வேறு. கடையின் நற்பெயரை விற்கலாம். வணிகச் சின்னத்தை விற்கலாம், அடகு வைக்கலாம், வாடகைக்கு விடுவதுபோல உரிமம் தரலாம். புவிசார் குறியீட்டில் இவை எதுவும் செல்லாது என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுத்துவிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவுமில்லை. விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது, ஊரோடு ஒட்டியே கிடக்கும். ஊர்ப் பொதுக் கண்மாயை நம் முன்னோர் எப்படி நினைத்தார்களோ, ஏறத்தாழ அப்படி. எல்லாரும் பாய்ச்சிக்கொள்ளலாம், எவரும் எழுதி வாங்க முடியாது, தூர் வாராவிட்டால் எல்லாருக்கும் கேடு.

பதிவுக்குப் பிறகு

தூர் வாருவது பற்றித்தான் இப்போது பேச வேண்டும். வெளியூரில் ஒருமுறை 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே இருந்தது மாவு கலந்த ஏதோ ஒன்று. பெட்டியின் அடியில் தயாரித்தவர் முகவரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. என் நட்டம் சிறிது. மலையடிவாரத்தில் விடிகாலை எழுந்து பால் கறக்கிறவருக்கு அந்தப் பெட்டி செய்யும் நட்டம் பெரிது. அதை முதன்முதலாகத் தின்ற குழந்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் இதுதான் போலும் என்றல்லவா நினைத்துக்கொள்ளும்?

சட்டத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. வேறிடத்துச் சரக்கை இந்த ஊர்ச் சரக்கு என்று மக்கள் நம்பும்படி விற்பது உரிமை மீறல். குறியீட்டைப் பொய்யாகப் பொருளின்மேல் இடுவது குற்றம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதித்திருக்கிறது. ஆனால் மருந்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். கொல்கத்தாவில் ஒரு நட்சத்திர விடுதி தன் கூடத்துக்கு 'டார்ஜிலிங்' என்று பெயர் வைத்ததைத் தேயிலை வாரியம் எதிர்த்தது. 2019இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வாரியத்தின் வழக்கைத் தள்ளிவிட்டது. வாரியத்தின் உரிமை தேயிலை என்ற சரக்கோடு நிற்கிறது, விடுதிக் கூடத்தின் பெயர் வரை நீளாது என்பது தீர்ப்பின் சாரம். குறியீடு சரக்கைக் காக்கும். ஊர்ப்பெயரை எல்லா இடத்திலும் காக்காது.

இன்னொரு எல்லை நம் கையிலேயே இருக்கிறது. வழக்குத் தொடரும் உரிமை பதிவான உரிமையாளருக்கும் பதிவான பயனாளருக்கும்தான். பதிவாகாமல் தலைமுறை தலைமுறையாகக் கிண்டுகிறவர், எவ்வளவு நல்ல பால்கோவா செய்தாலும், இந்தச் சட்டத்தின் வாசலில் வெளியாள்தான். பயனாளர் பதிவுக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020இல் மைய அரசு அதை 10 ரூபாய் ஆக்கிவிட்டது. ஆகவே காசு இங்கே தடையில்லை. தெரியாமையும் தயக்கமும்தான் தடை. ஊரில் கிண்டுகிற ஒவ்வொருவரும் பயனாளராகப் பதிவாக வேண்டும். பாலின் தரம், சேர்மானம், பதம் இவற்றை அவர்கள் கூடிக் கண்காணிக்க வேண்டும். போலியைத் தடுக்கும் உரிமை கேட்கிற ஊர், தன் சரக்கில் கலப்படம் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். வாங்குபவர் தம் பங்குக்குப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, செய்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாததை விலக்க வேண்டும்.

போலிக்கு எதிரான வழக்கை எங்கே போடுவது என்ற கேள்விக்கும் சட்டம் விடை வைத்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழான எந்த நீதிமன்றத்திலும் போட முடியாது. ஆனால் போலி விற்றவன் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அவனைத் தேடிப் போக வேண்டியதில்லை. வழக்குப் போடுபவர் தொழில் நடத்தும் இடத்து மாவட்ட நீதிமன்றமே போதும் என்கிறது 66ஆம் பிரிவு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வாணலிக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே சில தெருக்களே உண்டு. அந்தத் தெருக்களை நடந்து கடக்க ஒரு பால்கோவாக்காரருக்கு வேண்டியது, 10 ரூபாய்ப் பதிவும், தன் பெட்டியின் மேல் உள்ள ஊர்ப்பெயர் தனக்கும் சொந்தம் என்ற தெளிவும்தான்.